அடுத்த நிலக்கரி ஒப்பந்தத்துக்கு முன்பு: எரிசக்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறை, மின் உற்பத்திக் கழகம், மின் பகிர்மானக் கழகம், பசுமை எரிசக்திக் கழகம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளோர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உடன்குடியிலும் எண்ணூரிலும் ஏற்கெனவே எழுப்பப்பட்டுவிட்ட அலகுகள் போக, தமிழ்நாடு இனிப் புதிதாக ஒரு நிலக்கரி மின் நிலையத்தைக்கூடத் தொடங்கக் கூடாது என்றும், வெளியாரிடமிருந்து நிலக்கரி மின்சாரம் வாங்க இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடக் கூடாது என்றும், நம் மாநிலத்துக்கு வாய்த்திருக்கும் காற்றையும் வெயிலையும் முழுமையாகப் பயன்படுத்தும் வேலையை முதலில் முடிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ள இம்மடலை எழுதுகிறேன். மின்வெட்டு வந்தால் மக்களின் கோபத்தை நேரில் எதிர்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள் என்பதால், இந்தக் கோரிக்கையை ஏற்பது எளிதல்ல என்பதை அறிவேன். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

புவி வெப்பமாதலைத் தடுக்க நாடுகள் ஒன்றுகூடி ரியோ டி ஜெனிரோவில் உடன்படிக்கை செய்தது 1992இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் சிமென்ட் உற்பத்தியாலும் உலகம் காற்றில் கலந்த கரியமில வாயு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,270 கோடி டன்னாக இருந்தது. கியோட்டோவில் 1997இலும் பாரீசில் 2015இலும் வாக்குறுதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் 2024இல் அந்த அளவு 3,700 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் 1958இல் அளவீடு தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420க்கும் மேல் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு அது 280 மட்டுமே. பாரீசில் எல்லையாகக் குறிக்கப்பட்ட 1.5 பாகை செல்சியஸ் வெப்ப உயர்வை, ஓர் ஆண்டின் சராசரி என்ற அளவில், 2024ஆம் ஆண்டே முதன்முறையாகக் கடந்துவிட்டது. பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா.வின் பன்னாட்டு அறிவியல் குழுவின் 2018 அறிக்கை, அந்த எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் 2010இல் இருந்த உமிழ்வில் 45 விழுக்காட்டை 2030க்குள் குறைக்க வேண்டும் என்றும், 2050ஐ ஒட்டி நிகர உமிழ்வைச் சுழியாக்க வேண்டும் என்றும் கூறியது. குறைய வேண்டிய எண் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

மின் திட்டங்களை வகுப்போர் கரியமில வாயுவின் ஓர் இயல்பைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும். கந்தகப் புகையும் தூசும் புகைபோக்கியை விட்டு வெளியேறிய சில நாட்களிலோ வாரங்களிலோ தரையில் படிந்துவிடும். உமிழ்வை நிறுத்தினால் காற்று விரைவில் தெளியும். கரியமில வாயுவின் கதை வேறு. கடலும் காடும் உறிஞ்சிக்கொண்டது போக மீதமுள்ளதில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வானில் தங்கிவிடுகிறது. எனவே பூமி எவ்வளவு சூடாகும் என்பதை ஒரு குறிப்பிட்ட ஆண்டின் உமிழ்வைவிட, தொடக்கம் முதல் இன்றுவரை சேர்ந்த மொத்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. நாற்பது ஆண்டுகள் ஓடக்கூடிய அனல்மின் நிலையம் ஒன்றுக்கு ஒப்புதல் அளிப்பது, அந்த நாற்பது ஆண்டுகளின் உமிழ்வுக்கும் ஒரே நாளில் ஒப்புதல் அளிப்பதாகும். 2024இல் தொடங்கிவைக்கப்பட்ட வடசென்னை மூன்றாம் நிலையைப் போன்ற 800 மெகாவாட் அலகு ஒன்று, தன் திறனில் 70 விழுக்காடு இயங்கினால், ஆண்டுக்குச் சுமார் 490 கோடி யூனிட் மின்சாரம் தரும். நவீன அலகு என்பதால் யூனிட்டுக்கு 900 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும், அது ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு 44 லட்சம் டன். நாற்பது ஆண்டில் பதினேழரைக் கோடி டன். இந்தியர் ஒருவரின் சராசரி உமிழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் என்பதால், ஒரே ஒரு புகைபோக்கி 22 லட்சம் மக்களுக்குச் சமமாகிறது.

இந்த இடத்தில் உங்களுள் பலரும் எழுப்பும் கேள்வி எனக்குத் தெரியும். வானில் சேர்ந்திருக்கும் கரியில் நாம் போட்டது எவ்வளவு? நியாயமான கேள்வி. அமெரிக்கர் ஒருவரின் ஆண்டு உமிழ்வு நம்முடையதைப்போல் ஏழு மடங்கு. இதுவரை சேர்ந்த மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டின் கணக்கில் இருக்கிறது. அத்தகைய நாடுகள் வேகமாகக் குறைக்கவும் ஏழை நாடுகளுக்குப் பணம் தரவும் கடமைப்பட்டவை. அந்தக் கடனை இந்தியா ஒவ்வொரு மாநாட்டிலும் கேட்டு வாங்கத்தான் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிறர் செய்த தவறுக்குத் தமிழ்நாடு பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிலக்கரி மலிவாகவும் மாற்று விலையேறியும் இருந்த காலத்தில், நமக்குரிய பங்கை எரிக்க உரிமை கோருவதில் பொருள் இருந்தது. இன்று விலை நிலவரம் தலைகீழாகிவிட்டது. கூடுதல் செலவு செய்து நம் கடற்கரையையே பாழாக்கிக்கொள்ளும் உரிமையைக் கோரிப் பெறுவதால் நமக்கு என்ன நன்மை?

பாழாவது நம் கடற்கரைதான் என்பதைத் தூத்துக்குடி மாவட்டம் கண்ணால் கண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட மிகுதியான மழை ஒரே நாளில் இறங்கியதில் தாமிரபரணி கரை மீறியது; ஸ்ரீவைகுண்டம் சுற்றுவட்டாரம் தீவாகி, நெடுந்தொலைவு ரயிலில் வந்தவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ஒரு குறிப்பிட்ட மழைக்கு வெப்பமாதல் ஒன்றே காரணம் என்று சொல்வது முறையாகாது. ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல் விதி, அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அதே தூத்துக்குடி மாவட்டத்தில், அதே கடலோரத்தில்தான் உடன்குடி அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. அதன் அடுத்தடுத்த கட்டங்கள் பற்றிய பேச்சும் துறையில் நடந்துகொண்டிருக்கிறது. கோடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. வெயில் ஏற ஏறக் குளிர்சாதனம் கூடுகிறது, குளிர்சாதனம் கூடக்கூட எரியும் நிலக்கரி கூடுகிறது, நிலக்கரி மறுபடியும் வெயிலைக் கூட்டுகிறது. இந்தச் சுழலை முதன்மையாக மின் உற்பத்தியின் பக்கத்தில்தான் அறுக்க வேண்டும்.

அறுப்பதற்கான கருவி நம்மிடம் இருப்பதுபோல் வேறு எந்த மாநிலத்திடமும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து நம் பக்கம் அனுப்புகிறது. 1986இல் தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டி 55 கிலோவாட் காற்றாலைகளை நிறுத்திப் பார்த்தது அன்றைய அரசும் மின்வாரியமும்தான். தனியார் அதற்குப் பின்பே வந்தார்கள். அந்த முன்முயற்சியின் பயனாக முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, தேனி என்று பரவி, இன்று 11,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைத் திறன் நம்மிடம் இருக்கிறது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் மின்சாரம் காற்றிலிருந்து கிடைத்தது. பருவக்காற்று ஓய்ந்து, தை பிறந்தது முதல் சித்திரை கடக்கும்வரை வெயில் நன்றாக அடிக்கிறது. அப்போது சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் ஒரே இடத்தில் அமைந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று மாநிலத்தின் சூரிய மின் திறன் சுமார் 10,000 மெகாவாட். 2014இல் இங்கே ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 2017இல் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் அது 2.44 ரூபாய்க்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய்க்கும் கீழே போனது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாராதீப் கொண்டுவந்து, கப்பலேற்றி எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறக்கும் நிலக்கரியால், அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே மிஞ்சும் நிலக்கரியால், இந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாது.

இவ்வளவு இருந்தும் நாம் நிலக்கரியை ஏன் தொடர்கிறோம் என்பதற்கான விடை, காற்று நன்றாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலை உரிமையாளர்கள் வருந்திச் சொல்லும் 'பேக்டவுன்' என்ற சொல்லில் இருக்கிறது. மின்சாரம் தேவைக்கு மிஞ்சும்போது, உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மாநில மின்சுமைப் பகிர்வு மையத்திலிருந்து உத்தரவு வருகிறது. முதலில் குறைய வேண்டியது நிலக்கரி. ஏனென்றால் காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு கிடையாது, அவற்றின் மின்சாரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி. ஆனால் நிலக்கரி அலகு ஒன்றை அதன் திறனில் 55 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினால் கொதிகலன் நிலைகொள்ளாது என்ற வரம்பு இருக்கிறது. முழுதும் அணைத்துவிட்டால் மறுபடி மூட்டப் பல மணி நேரம் ஆகும். அதனால் அன்றிரவுத் தேவைக்காக நிலக்கரியைப் பாதிச் சூட்டில் வைத்திருந்து, பகலில் காற்றாலையின் இறக்கையைத் திருப்பி நிறுத்தும் நிலை ஏற்படுகிறது. இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. நிலக்கரி ஒப்பந்தங்களில், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் கட்ட வேண்டும். எப்படியும் பணம் போகிறது, அதையே ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. நான் புதிய ஒப்பந்தங்களை இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்கு இந்தக் கட்டணமே முதற்காரணம். இன்று போடும் கையெழுத்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் காற்றை நிறுத்திக் கரியை எரிக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும்.

இது வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களின் உற்பத்தி குறைக்கப்பட்டது தொடர்பான வழக்கில், மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது, அந்த உத்தரவுகளில் பெரும்பாலானவை மின்பாதைகளின் வலையமைப்பான மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக இடப்பட்டவையாகத் தெரியவில்லை என்று கண்டு, இழப்பீடு வழங்கச் சொன்னது. நடந்து முடிந்ததைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு காற்று மின்சாரமும் சூரிய மின்சாரமும் நிறுத்தப்பட்டன, அப்போது எந்தெந்த நிலக்கரி அலகுகள் எந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தன, நிறுத்தியதற்கு என்ன காரணம் என்ற விவரத்தை நாள்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், இந்த விவாதத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். அந்தத் தரவு உங்கள் மையத்தில் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியிட ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாது.

மின்வெட்டு குறித்த அச்சத்தை நான் மதிக்கிறேன். 2008 முதல் 2013 வரையான ஆண்டுகளை மறக்க முடியாது. மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் விசைத்தறிகளும் பட்டறைகளும் நின்றுபோயின, மாணவர்கள் விளக்கில் படித்தார்கள். கையில் நிலக்கரி இருந்தால்தான் உறங்க முடியும் என்ற உணர்வு, அந்த நாட்களில் பணியில் இருந்த பொறியாளர்களிடம் இன்றும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் நிலைமை ஒன்றல்ல. அப்போது தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே தொகுப்பாக இணையாமல், ஓரளவு மின்சாரம் மட்டுமே பரிமாறிக்கொள்ளும் நிலையில் நின்றது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை அதை இணைத்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை 6,000 மெகாவாட் திறனுடன் அமைந்தது. வடக்கின் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவருவதோடு, நம் காற்று மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் அந்தப் பாதையால் முடியும். மிஞ்சுவதை விற்கவும் குறைவதை வாங்கவும் வழி இல்லாத மாநிலமாக நாம் இப்போது இல்லை. சந்தையில் அன்றன்று வாங்குவது மட்டுமே போதும் என்று சொல்லவரவில்லை. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் தகிக்கும் மே மாத இரவுகளில் சந்தை கைவிடக்கூடும் என்பது உண்மை. அந்த இரவுகளுக்காகத்தான் சேமிப்பு வேண்டும்.

சேமிப்பில் தமிழ்நாடு புதுமுகம் அல்ல. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 400 மெகாவாட் திறனுடன் 1980களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து மேலே இறைத்து, தேவை ஏறும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் அந்த ஏற்பாட்டில், நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்திலிருந்து எண்பது யூனிட் வரை திரும்பக் கிடைக்கும். அந்த அனுபவம் இருந்தும், நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் நெடுங்காலமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை முடிப்பது வேறு எதையும்விட முந்தி வர வேண்டும். புதிய நீரேற்றுத் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் அணைகளை இணைப்பவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சோலைக்காடுகளை மூழ்கடித்துப் பெறும் மின்சாரத்தைப் பசுமை மின்சாரம் என்று அழைக்க என் மனம் ஒப்பாது.

பேட்டரியைப் பொறுத்தவரை, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு கட்டுப்படியாகாது என்று நீங்கள் சொல்லியிருந்தால் அது சரியாக இருந்திருக்கும். லித்தியம் பேட்டரியின் உலகச் சராசரி விலை, ஒரு யூனிட் சேமிக்கும் திறனுக்கு 2010இல் 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024இல் 115 டாலராக இறங்கிவிட்டது. நண்பகலில் விலை வீழ்ந்து கிடக்கும் சூரிய மின்சாரத்தைப் பிடித்துவைத்து, மாலை ஆறரை முதல் இரவு பத்தரைவரை வெளிவிடுவதற்கு நான்கு மணி நேரப் பேட்டரி போதும். இதற்கு நிலமும் மின்பாதையும் எங்கே என்ற கேள்விக்கு உங்களிடமே விடை இருக்கிறது. 2017இல் மூடப்பட்ட எண்ணூர் பழைய நிலையத்தின் வளாகமும், 1979இல் முதல் அலகு தொடங்கப்பட்டு நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்ட தூத்துக்குடி அனல்மின் நிலையமும், கனத்த மின்பாதைகளோடும் துணைமின் நிலையங்களோடும் தயாராக இருக்கின்றன. பழைய அலகுகளை 2030 வரை மூட வேண்டாம் என்று ஒன்றிய அமைப்பு கேட்டுக்கொண்டிருப்பது உண்மைதான். மூடாவிட்டாலும், அதே வளாகத்தில் பேட்டரியை இன்றே அமைக்கத் தொடங்கலாம். அலகு ஓய்வுபெறும் நாளில் பாதை அப்படியே கைமாறும்.

காற்றாலைகளைப் புதுப்பிக்கும் விஷயத்தில் தாமதம் என்னைப் போன்றோருக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. நாட்டிலேயே மிக நன்றாகக் காற்று வீசும் இடங்களில், முதலில் வந்தவை என்பதால், மிகச் சிறிய ஆலைகள் நிற்கின்றன. 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் ஆலைகள் முப்பது மீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. இன்றைய 3 மெகாவாட் ஆலை நூற்றிருபது மீட்டருக்கு மேல், காற்று சீராகவும் வேகமாகவும் இருக்கும் உயரத்தில் நிற்கிறது. பழைய ஆலை தன் திறனில் 12 விழுக்காடும் புதியது 30 விழுக்காடும் உற்பத்தி செய்வதாக வைத்துக் கணக்கிட்டால், பன்னிரண்டு பழைய ஆலைகள் சேர்ந்து ஆண்டுக்குத் தரும் சுமார் 31 லட்சம் யூனிட்டுக்குப் பதிலாக, ஒரே ஒரு புதிய ஆலை 78 லட்சம் யூனிட் தரும். பதினொரு கோபுரங்களின் இடமும் காலியாகும். இதற்கென 2024இல் அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது. இருந்தும் வேலை வேகம் பிடிக்கவில்லை. ஒரே வயல்வெளியில் பத்துப் பேருக்குச் சொந்தமான பத்து ஆலைகள் இருக்கும்போது யார் நிலத்தில் புதிய கோபுரம் எழுவது, வருவாயை எப்படிப் பிரிப்பது என்பது முதற்சிக்கல். புதுப்பித்தால், காற்று மின்சாரத்தை வாரியத்திடம் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் பழைய வசதி பறிபோய்விடுமோ என்ற உரிமையாளர்களின் அச்சம் அடுத்தது. அந்த வசதியால் பகிர்மானக் கழகத்துக்கு நட்டம் ஏற்படுகிறது என்ற உங்கள் வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆடியில் மலிவாகக் கிடைக்கும் யூனிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மாசி மாத இரவில் விலை உயர்ந்த யூனிட்டாகத் திருப்பித் தருவது யாருக்கும் கட்டாது. நடுவழி ஒன்று உண்டு. புதுப்பித்ததால் கிடைக்கும் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டும் புதிய விதியைப் பொருத்தி, பழைய ஆலை தந்துகொண்டிருந்த சராசரி அளவுக்குப் பழைய வசதியைச் சில ஆண்டுகள் தொடரவிட்டால் இருதரப்பும் இழக்காது. ஆணையம் இதைப் பொது விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன்.

தேவையின் பக்கத்தில் செய்யக்கூடியவை பல. இரண்டை மட்டும் சொல்கிறேன். நம் வீடுகளில் சுழலும் பழைய கூரை மின்விசிறி 75 வாட் எடுக்கிறது; இப்போது கடைகளில் கிடைக்கும், தூரிகையற்ற மோட்டார் கொண்ட பிஎல்டிசி வகை 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தருகிறது. ஒரு கோடி மின்விசிறிகளை மாற்றினால் மே மாத இரவுகளில் 450 மெகாவாட் குறையும். மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் ஆகியவற்றை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவம் இந்த மாநிலத்துக்கு உண்டு. எந்த ஆலோசனை நிறுவனமும் நமக்கு வழிசொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்தது பாசன மோட்டார்கள். இலவச மின்சாரம் பெறும் சுமார் 23 லட்சம் இணைப்புகளுக்கு மும்முனை மின்சாரத்தைச் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் பகல் வேளையிலேயே உறுதியாகக் கொடுத்துவிட்டால், நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்துக்குப் பயன் கிடைக்கும். இரவில் பாம்புக்கும் இருட்டுக்கும் அஞ்சி மடை திருப்பப் போக வேண்டிய துன்பமும் விவசாயிக்கு இராது. இலவச மின்சாரத்திலோ, வீடுகளுக்கான முதல் நூறு யூனிட்டிலோ கைவைக்க வேண்டும் என்று இம்மடல் எங்கும் கேட்கவில்லை என்பதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தை மிகுதியாகத் தாங்குவோர் ஏழைகளே; அதைக் குறைக்கும் செலவையும் அவர்கள் தலையில் ஏற்றுவது அறமாகாது.

நிலக்கரியை நம்பிப் பிழைப்போரையும் மறந்துவிடக் கூடாது. அனல்மின் நிலையங்களில் நிரந்தரப் பணியாளர்களைவிட, சாம்பல் அள்ளுவோர், கரி இறக்குவோர், பராமரிப்பு வேலை செய்வோர் என்று ஒப்பந்தத் தொழிலாளர்களே மிகுதி. நிலையம் மூடப்படும் அன்று அவர்களுக்கு எந்த ஏட்டிலும் இடம் இருக்காது. ஓர் அலகை எப்போது மூடப்போகிறோம் என்பதைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்து, அவர்களைப் பெயர் பெயராகப் பதிவுசெய்து, காற்றாலைப் பராமரிப்புக்கும் பேட்டரி நிலையங்களுக்கும் பயிற்சி கொடுத்து மாற்றும் பொறுப்பு அரசுடையது. மறுபக்கம், இத்தனை ஆண்டுகள் சாம்பலைச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்து, இறாலும் நண்டும் அருகிப்போய், கொசஸ்தலையாற்றை நம்பிய மீனவக் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. செப்பாக்கம் போன்ற ஊர்கள் சாம்பல் குளத்தின் விளிம்பில் வாழ்கின்றன. புதிய நிலையம் வேண்டாம் என்பதோடு, பழைய சாம்பலை அள்ளுவதும் கழிமுகத்தை மீட்பதும் இதே திட்டத்தின் பகுதியாக இருந்தால்தான் அந்த மக்கள் இதை நம்புவார்கள். இதையொட்டி ஒன்று. மன்னார் வளைகுடாவில் கடல்மேல் காற்றாலை அமைக்கும் யோசனைக்கு மிகப் பெரிய வாய்ப்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது பவளப்பாறைகளும் கடற்பசுக்களும் வாழும் கடல், பாரம்பரிய மீனவர்களின் தொழிற்களம். இடத்தைக் குறிக்கும் முன்பே அவர்களை அழைத்துப் பேசுங்கள்; எண்ணூரில் செய்ததைக் காற்றாலையின் பெயரால் மன்னார் வளைகுடாவில் செய்துவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மின்வாரியத்திடமிருந்து கழகங்கள் சுமந்துவந்த கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இந்த நிலையில் 1,320 மெகாவாட் நிலையம் ஒன்றுக்கு மேலும் பத்தாயிரம் கோடிக்கு மேல் கடன் வாங்கி, அது ஓடத் தொடங்கும் வேளையில் அதன் மின்சாரத்தைவிடச் சேமிப்புடன் கூடிய சூரிய மின்சாரம் மலிவாகிவிட்டால், அந்தக் கடனை எங்கள் மின்கட்டணத்திலிருந்துதான் அடைப்பீர்கள். ஒன்றிய அரசு குறித்த 2070ஆம் ஆண்டுக்கு முன்பே கரிமச் சமநிலையை, அதாவது நிகர உமிழ்வு சுழியாகும் நிலையை, எட்டுவோம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. இன்று ஒப்புதல் பெறும் நிலக்கரி நிலையம் 2030களின் தொடக்கத்தில்தான் எரியத் தொடங்கும். முழு ஆயுளும் ஓடினால் 2070ஐத் தாண்டும். அறிவிப்பை மெய்யாக்க நினைத்தால், அதன் ஆயுள் முடியும் முன்பே அதை மூட வேண்டியிருக்கும். அப்படி மூடப்படும் நிலையத்துக்கு வாங்கிய கடன் அப்போதும் நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே, அடுத்த எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வருவதற்கு முன்பு மூன்று விவரங்களைப் பொதுமக்கள் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் நிறுத்திவைக்கப்பட்ட காற்று, சூரிய மின்சாரத்தின் அளவும் ஒவ்வொரு நிறுத்தத்துக்குமான காரணமும் முதலாவது. எடுக்காத நிலக்கரி மின்சாரத்துக்காகக் கட்டிய நிலைக் கட்டணம், ஒப்பந்தவாரியாக, இரண்டாவது. உடன்குடியின் அடுத்த கட்டங்களுக்காக மதிப்பிட்டிருக்கும் யூனிட் விலையையும், அதே அளவு மின்சாரத்தை அதே மாலை நேரத்தில் சூரிய ஒளி, புதுப்பித்த காற்றாலை, பேட்டரி, நீரேற்று நிலையம் ஆகியவை சேர்ந்து தருவதற்கான விலையையும் அருகருகே காட்டும் ஒப்பீடு மூன்றாவது. அந்த ஒப்பீட்டை உங்கள் பொறியாளர்களே செய்யட்டும். ஆணையம் அதைப் பொது விசாரணையில் வைக்கட்டும். எங்களைப் போன்ற நுகர்வோரும், காற்றாலை உரிமையாளர்களும், எண்ணூர், உடன்குடி வட்டார மக்களும் அங்கே வந்து பேச வாய்ப்பு இருக்கட்டும். அந்த விசாரணை முடிந்து முடிவு வெளியாகும்வரை, எந்தப் புதிய நிலக்கரித் திட்டத்துக்கும் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டாம்.

இப்படிக்கு,
தென்மாவட்ட மின் நுகர்வோர் ஒருவர்